ஜெனரேட்டர் நின்ற இருபத்திரண்டு நிமிடம்

2012ஆம் வருடம் செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை, சிதம்பரத்துக்கு வடக்கே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் அரங்கத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு. மேடை நடுவில் கல்லூரியின் தாளாளர். அவருக்கு வலப்பக்கம் துறைத்தலைவரும் என் மகளின் ஆய்வு நெறியாளருமான முனைவர் சடையப்பன். இடப்பக்கம் திருச்சியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர். மேடை ஓரத்தில், மடியில் கோப்போடு, ஆராய்ச்சிப் பிரிவு அலுவலர் தில்லையம்மாள். கீழே முதல் வரிசையில் பதினாறு பிரமுகர்கள். பெயர் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் வரிசையில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், செம்மண்டலம் மரியலூர்து ஆகிய நான், என் மனைவி பாக்கியமேரி, அவள் தம்பி ஜோசப். எங்களுக்குப் பின்னால் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த முப்பத்தெட்டு பேர். அரங்கத்துக்கு வெளியே, பின்பக்கம், ஜெனரேட்டர் ஓட்டும் கொளஞ்சி. மேடைக்குக் கீழே தூணை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் என் மகள் ஜூலி. விழா அவளுக்காக என்று சொன்னார்கள்.

இதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. முப்பத்திரண்டு வருடம் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதிய கை இது. அன்றும் சட்டைப்பையில் நோட்டு இருந்தது. கல்லூரியின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் அவர்கள் விளம்பரமாக்கிக்கொள்வார்கள்.

ஜூலியின் ஆய்வு, பல பயனர் கம்பியில்லா வலைகளில் அலைக்கற்றைச் சிக்கனத்தையும் ஆற்றல் சிக்கனத்தையும் கூட்டுவது பற்றியது. அது என்ன என்று முதல் வருடமே கேட்டேன். நான் ஆலப்பாக்கத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒற்றைப் பாதை. டோக்கன் பந்து கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் வண்டியை நகர்த்த மாட்டார். ஒரு பாதை, ஒரு வண்டி.

“அது உங்க காலம்ப்பா,” என்றாள். “எங்களுக்கு அதே பாதையில ஒரே நேரத்துல நாலு வண்டி போகணும். மோதக் கூடாது. எல்லாரும் செல்போன் டவர்ல சக்தியைக் கூட்டுங்கன்றாங்க. ஒருத்தனுக்குக் கூட்டுனா பக்கத்தில இருக்கிறவனுக்கு அது இரைச்சல். அவனுக்கும் கூட்டணும். மோதலைக் கொறைச்சா சக்தியும் தானா கொறையும்.”

எனக்குப் புரிந்தது. கல்லூரிக்கு ஆறு வருடத்தில் புரியவில்லை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு செல்போன் கோபுரம் மட்டும் தப்பியது. அதற்கும் மின்சாரம் இல்லை, டீசல்தான். கேன் வந்தால் பேசலாம், தீர்ந்தால் ஊமை. அந்தக் கோபுரத்துப் பொறியாளரைப் பார்த்து ஜூலி பேசினாள். அவள் கணக்கின்படி யாருக்கு, எப்போது, எவ்வளவு சக்தி என்று அவர் மாற்றிப் பார்த்தார். ஆறு மணி நேரம் ஓடிய டீசல் ஒன்பது மணி நேரம் ஓடியது. பதினோரு நாள் அவள் அந்தக் கோபுரத்தடியில் குடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதினாள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது பாக்கியமேரி.

அந்தக் குறிப்புகளை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டுமானால் புயல் வந்ததற்குச் சான்று வேண்டும் என்று தில்லையம்மாள் சொன்னார். அவர் அதைச் சொன்ன அறைக்குக் கூரை இல்லை. புயலில் பறந்த தகரத்துக்குப் பதில் நீல தார்ப்பாய் கட்டியிருந்தது. சன்னல் கொக்கியும் போய்விட்டதால் யாரோ ஒருவரின் ஆய்வேட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். அவர் சிரித்தார். பிறகு விண்ணப்பத்தில் காரணம் எழுதச் சொன்னார். “மேற்படி நாளில் இக்கிராமத்தில் புயல் வீசியது என் நேரடி அறிவுக்கு உட்பட்டது” என்று முத்திரையோடு கொடுத்தார். தில்லையம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, புயலின் தேதியும் ஆய்வு அனுமதிக் கடிதத்தின் தேதியும் பொருந்தவில்லை என்றார். புயலுக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். அந்தக் குறையை நீக்க மூன்று மாதம் ஆனது.

பிறகு ஆய்வேட்டை அச்சிட்டுக் கொடுத்தோம். ஆற்றல் சிக்கனம் பற்றிய ஏடு என்பதால் தாளின் இரு பக்கமும் அச்சிடலாமா என்று ஜூலி எழுதிக் கேட்டாள். ஒரு பக்கம் மட்டும், ஒன்பது பிரதி, தடித்த அட்டை என்று பதில் வந்தது. பதில் மூன்று பிரதிகளாக வந்தது.

அடுத்தது தலைப்பு. அந்த வருடங்களில் ஸ்பெக்ட்ரம் என்றோ அலைக்கற்றை என்றோ சொன்னால் டீக்கடையில்கூட ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். விழாப் பேனரில் அந்தச் சொல் இருந்தால் கல்லூரியை எந்தக் கட்சியோடு சேர்ப்பார்கள் என்று தாளாளர் அலுவலகம் கவலைப்பட்டது. குழு போட்டார்கள். குழு மூன்று முறை கூடியது. முடிவில் பேனர் இப்படி வந்தது: “பல பயனர் கம்பியில்லா வலைகளில் அதன் சிக்கனமும் ஆற்றல் சிக்கனமும்.” எதன் என்று கேட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றார் சடையப்பன்.

அழைப்பிதழில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. ஜூலியின் பெயர் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் பெயரில்லாமல் ஒரு மேடைக்குப் போனதில்லை. நேரே போய்க் கேட்டேன். தில்லையம்மாள் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விளக்கினார்.

“பேரு போடணும்னா டாக்டர்னு போடணும் சார். டாக்டர் ஆவணும்னா இந்தத் தேர்வு முடியணும். முடியாதவங்க பேரை எப்படிப் போடறது? அதான் ‘ஆய்வாளர்’னு போட்டிருக்கோம். அது அவுங்கதான்.”

அழைப்பிதழின் பின்பக்கம் நிகழ்ச்சி நிரல். விளக்கேற்றல், வரவேற்புரை, நெறியாளர் உரை, பொன்னாடை அணிவித்தல், தலைமையுரை, வாழ்த்துரை, மறுபடி வாழ்த்துரை என்று பதினாறு வரை போய், பதினேழாவதாக இப்படி இருந்தது: “ஆய்வாளர் விளக்கம் (நேரம் இருப்பின்).”

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. ஜூலியின் ஆய்வுப் பதிவு அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. முப்பது ஞாயிறு. இருபத்தொன்பது கல்லூரிக்கு விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். புறத்தேர்வாளர் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும், அவர் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் ஆறு வருடமும் செல்லாது. முதல் வருடத்திலிருந்து புதிதாகப் பதிய வேண்டும். புறத்தேர்வாளருக்குச் சிதம்பரத்தில் நாலு இருபத்தைந்துக்கு வண்டி. மறுநாள் அவர் வீட்டில் மகன் நிச்சயதார்த்தம். மூணே முக்காலுக்கு அவர் கல்லூரியை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

பொதுமக்களையும் நாங்களே கொண்டுவர வேண்டும் என்பது விதி. நாற்பது கையெழுத்துக்குக் குறையக் கூடாது. ஜோசப் இரண்டு வேன் பிடித்து, எங்கள் பங்கிலிருந்து முப்பத்தெட்டு பேரை ஏற்றினான். புஷ்பவள்ளி டீச்சர் முட்டிவலியோடு வந்தார். எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஜூலிக்காக என்று தெரியும்.

என் குறிப்பேட்டிலிருந்து: பத்து மணிக்கு விழா. 10.40க்கு மின்வெட்டு, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. 12.35க்குத் தாளாளர் வந்தார். 12.50க்குக் குத்துவிளக்கு. அதே சமயம் மேடைக்கு மேல் நூற்றெட்டு பல்புகள் எரிந்து “சிக்கனம்” என்று காட்டின. கைதட்டினார்கள். 1.20லிருந்து 2.25 வரை சாப்பாடு. முதல் வரிசைக்கு முதல் பந்தி. எங்கள் ஆட்கள் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தபோது அரங்கத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். புஷ்பவள்ளி டீச்சர் இலையில் சோறு விழுந்ததோடு சரி.

ஜெனரேட்டர் அரங்கத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அதன் இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள். கூட்டியதும் மேடையில் இருந்த நான்கு மைக்கும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிட்டன. ஊளையை அமுக்க இன்னும் கூட்டினார்கள். ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் திணறியது. உடனே எங்கள் பக்கத்து மின்விசிறிகளை நிறுத்தினார்கள். ஜூலி தூணடியில் இருந்து என்னைப் பார்த்தாள். அவள் ஆறு வருடம் எழுதியது மேடையில் நடந்துகொண்டிருந்தது. அதை அவர்கள் விழா என்றார்கள்.

முதலில் சடையப்பன் பேசினார். நெறியாளர் என்ற முறையில் தன் தியாகங்களை வரிசையாகச் சொன்னார்.

“இந்தப் பெண் என்னிடம் வந்தபோது ஒன்றும் தெரியாமல் வந்தாள். ஆறு ஆண்டுகள். ஒரு நாளாவது நான் ஆய்வகத்துக்குள் போய் அவள் கவனத்தைக் கலைத்திருப்பேனா? கேட்டுப் பாருங்கள். அவள் எழுதிய அத்தியாயங்களைத் திருத்துகிறேன் என்று அவள் தன்னம்பிக்கையைக் கெடுத்தேனா? ஒரு வரி நான் தொட்டதில்லை. கட்டுரை வெளியானபோது மட்டும் என் பெயரை முதலில் போட அனுமதித்தேன். ஏனென்றால் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டும்.”

ஜோசப் என் காதோரம் குனிந்தான். “மாமா, இந்த ஆளு சொல்றது சாமியார்கிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனமா, பெருமையா?” என்றான். பேசாதே மச்சான் என்றேன். எங்கள் வீட்டு ஆட்கள் சபையில் கிசுகிசுப்பதில்லை.

2.48க்குத் தாளாளர் எழுந்தார். ஐந்தாவதாக வரவேண்டிய தலைமையுரை. அதற்கு முன் பொன்னாடைகள் போட்டதில் தாமதம். அவர் ஒரு மைக்கைக் கையில் எடுத்தார். போதவில்லை என்று இன்னொன்றையும் எடுத்தார்.

“சிக்கனத்தைப் பற்றி எனக்கா பாடம்?” என்று ஆரம்பித்தார். “இந்த வளாகத்தில் மூன்று ஜெனரேட்டர். ஒன்று இந்த மேடைக்கு. ஒன்று என் அறைக்கு. மூன்றாவது வளாகத்தின் மறுகோடியில், எதற்கும் இணைக்காமல், தயார் நிலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தி நிறுத்திப் போட்டால் பழுதாகும். ஆய்வகத்துக்கு ஜெனரேட்டர் கிடையாது. ஏன்? அங்கே படிப்பவர்கள் சிக்கனம் பற்றி ஆராய்கிறவர்கள். அவர்களுக்கு இருட்டே உபகரணம். என் கல்லூரியில் எல்லோருக்கும் பேச்சுரிமை உண்டு. நான் முடித்த பிறகு.”

கைதட்டல். 3.05 ஆனது. தாளாளர் தன் பள்ளிப் பருவத்துக்கு வந்திருந்தார். புறத்தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தில்லையம்மாளைப் பார்த்தார். தில்லையம்மாள் கோப்பைப் பார்த்தார். நான் எழுந்து மேடையருகே போய், வண்டிக்கு நேரமாகிறது, பெண் இன்னும் பேசவில்லை என்று தில்லையம்மாளிடம் சொன்னேன். நிரல் எண் ஐந்து முடியாமல் எண் பதினேழுக்குப் போக வழியில்லை என்றார். போகலாம், ஆனால் தாளாளர் எழுத்தில் உத்தரவு தர வேண்டும், தாளாளர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவேளை இன்று முடியாவிட்டால் மறுபதிவுக்கான படிவம் தன்னிடமே இருக்கிறது என்று ஆறுதலாகச் சொல்லி, ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் ஜூலியின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. அந்த வளாகத்தில் நான் பார்த்த தாள்களில் அவள் பெயர் முழுமையாக எழுதியிருந்தது அது ஒன்றில்தான்.

நான் வந்து உட்கார்ந்தேன். படிவத்தைப் பாக்கியமேரியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். நான்காக மடித்தாள்.

3.08க்குப் பாக்கியமேரி, மூச்சு முட்டுகிறது என்று பக்கவாசல் வழியாக வெளியே போனாள்.

3.12க்கு ஜெனரேட்டர் நின்றது.

பல்புகள் அணைந்தன. சிக்கனம் மறைந்தது. நான்கு மைக்கும் செத்தன. தாளாளர் பேசிக்கொண்டேதான் இருந்தார். இரண்டு மைக்கையும் வாயருகே பிடித்தபடி உதடு அசைந்தது. மைக் இல்லாமல் பேசி அவருக்குப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். மூன்றாம் வரிசைக்குக் கூட எட்டவில்லை. பிறகு அவரும் நின்றார். பிரமுகர்கள் எல்லோரும் கதவைப் பார்த்து, கொளஞ்சி, கொளஞ்சி என்று கையசைத்தார்கள். சத்தம் போட யாரும் துணியவில்லை. தாளாளர் பேச்சுக்கு நடுவில் குரல் எழுப்பக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அரங்கம் முழுக்க ஓர் அமைதி. புஷ்பவள்ளி டீச்சரின் விசிறி மட்டை அசைவது கேட்டது.

3.14க்கு ஜூலி எழுந்து நின்றாள். மேடை ஏறவில்லை. தூணடியிலேயே நின்று பேசினாள். வீட்டில் அம்மாவோடு பேசுகிற குரல், அதற்குமேல் இல்லை. கடைசி வரிசையில் இருந்த தங்கம்மாள், காது மந்தம், எல்லாம் கேட்டது என்று பிறகு சொன்னார்.

கோபுரத்தைச் சொன்னாள். டீசலைச் சொன்னாள். கிட்டத்தில் இருப்பவனுக்குக் கொஞ்சம் போதும், அவனுக்கு அள்ளிக் கொடுத்தால் தூரத்தில் இருப்பவன் காதில் அது கல் என்றாள். சமன்பாடுகளை எழுதிய அட்டையை எங்கள் பங்கு ஆட்கள் கைமாற்றிப் பிடித்தார்கள். 3.29க்கு முடித்தாள்.

புறத்தேர்வாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று அந்த அரங்கத்தில் வேலை பார்த்த முதல் அதிகாரி அவர்தான்.

“உன் முறையில் மொத்தச் சிக்கனம் கூடுகிறது, சரி. ஆனால் கோபுரத்துக்கு எட்டத்தில் இருப்பவனை வெட்டிவிட்டால் இன்னும் கூடும். கணக்கு அதைத்தான் சொல்லும். உன் கணக்கு ஏன் சொல்லவில்லை?”

“சொல்லிச்சு சார்,” என்றாள் ஜூலி. “முதல் வாரம் அப்படித்தான் வந்துச்சு. எட்டத்தில இருந்தது கடலோரக் குப்பத்து ஜனங்க. புயலுக்குப் பிறகு சொந்தக்காரங்க உசுரோட இருக்காங்களான்னு கேக்க அவுங்கதான் ஜாஸ்தி பேசுனாங்க. அதனால ஒரு கீழ்வரம்பு வச்சேன். யாருக்கும் அதுக்குக் கீழ போகக்கூடாது. மொத்தச் சிக்கனம் நூத்துக்கு நாலு கொறைஞ்சுது. கொறையட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் பேனாவைத் திறந்தார். 3.34க்குக் கையெழுத்திட்டார். அதே நிமிடம் ஜெனரேட்டர் உறுமியது, பல்புகள் எரிந்தன, தாளாளர் விட்ட இடத்தில் தொடங்கினார். 3.35க்குப் பாக்கியமேரி வந்து உட்கார்ந்தாள். புறத்தேர்வாளருக்கு வண்டி கிடைத்தது. தாளாளர் 5.10 வரை பேசினார். நாங்கள் எழுந்து போகவில்லை. போவது எங்கள் வழக்கமல்ல.

ஜூலிக்குப் பட்டம் வந்தது. அதற்கு முன் கல்லூரியிலிருந்து இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று பத்திரிகைச் செய்தி: தாளாளர் தலைமையுரையின் உச்சத்தில் ஜெனரேட்டரை நிறுத்த ஆணையிட்டு, ஆற்றல் சிக்கனத்துக்கு நேரடிச் செயல்விளக்கம் அளித்தார் என்று. இன்னொன்று விசாரணைக் குழு அறிவிப்பு: தாளாளர் உரையின்போது ஜெனரேட்டரை நிறுத்திய சதிகாரரைக் கண்டுபிடிக்க என்று. இரண்டிலும் சடையப்பன் கையெழுத்து, ஒரே தேதி.

குழு கொளஞ்சியைக் கூப்பிட்டுக் கேட்டது. ஒரு அம்மா தண்ணீர் கேட்டார், குழாயடிக்குப் போனேன், திரும்பி வந்தால் ஜெனரேட்டர் நின்றிருந்தது, சாவியைக் காணோம், தேடினேன், கொஞ்ச நேரம் கழித்துச் சாவி அதன் இடத்திலேயே இருந்தது என்று அவன் சொன்னான். அவனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வீட்டு நன்மைக்கு இன்னொருவன் வேலை போவது எங்களுக்கு இழுக்கு. கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். பத்திரிகைச் செய்தியை இணைத்து, தாளாளர் ஆணைப்படி ஜெனரேட்டர் நின்றதென்றால் ஆணையை நிறைவேற்றியவருக்கு என்ன தண்டனை, ஆணைப்படி நிற்கவில்லை என்றால் செய்திக்கு எப்போது மறுப்பு என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த திங்களே கொளஞ்சியைத் திரும்ப எடுத்தார்கள். செயல்விளக்கத்துக்கு ஒத்துழைத்ததற்காக மேடையில் அவனுக்குப் பொன்னாடையும் போட்டார்களாம். அன்றைய தலைமையுரை இரண்டு மணி நேரம்.

இப்போது திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலும், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலும் ஒரு பேச்சு உலவுகிறது. மகளுக்காக ஸ்டேஷன் மாஸ்டர் மரியலூர்து, கல்லூரி ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார் என்று. இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் போன் செய்து வாழ்த்தினார்.

தவறு. 3.05க்கு மேடையருகே போய் வந்ததைத் தவிர அன்று நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. ஜெனரேட்டரின் சாவி 3.12லிருந்து 3.34 வரை என் மனைவியின் ஜெபமாலைப் பையில், நான்காக மடித்த மறுபதிவுப் படிவத்தோடு இருந்தது. வீடு திரும்பும் வழியில் வேனில் வைத்து அவளே சொன்னாள். மகள் பேசியதை நீ கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

“சன்னலாண்டதான் நின்னேன்,” என்றாள். “அது நின்ன பிறகு எல்லாம் கேட்டுச்சு.”

ஜெனரேட்டரை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியவள் பாக்கியமேரி.